வழிதவறி வந்த நாய், பூனையைக் கண்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீபாவளிக்கு மறுநாள் காலையில் எங்கள் பகுதி வாட்ஸ்அப் குழுவில் வரிசையாகப் படங்கள் வரும். யார் வீட்டு வாசலிலோ மூச்சு இரைக்க இரைக்க நிற்கும் ஒரு லாப்ரடார், காருக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கும் ஒரு வெள்ளைப் பூனை. கீழே ஒரே கேள்வி: "இது யாருடையது, இப்போது நான் என்ன செய்யட்டும்?" வருடாவருடம் ஒவ்வொருவருக்காகப் போனில் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதுகிறேன். சென்னையை மனத்தில் வைத்து எழுதியது. மற்ற ஊர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

தெருவில் நிற்கும் நாய் தெரு நாயா, வீட்டை விட்டு வந்த நாயா? எப்படித் தெரிந்துகொள்வது?

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பதில் தவறினால் நல்லது செய்வதாக நினைத்துக் கெடுதல் செய்துவிடுவோம்.

கழுத்தில் பெல்ட் இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். தெரு நாய்களுக்குச் சோறு வைப்பவர்கள், இரவில் வண்டிக்காரர் கண்ணில் படட்டும் என்று ஒளிரும் பெல்ட் கட்டுகிறார்கள். வீட்டு நாயோ பெல்ட்டை உருவிக்கொண்டு ஓடி வந்திருக்கலாம். சாதிநாய் என்றால் வீட்டு நாய், நாட்டு நாய் என்றால் தெரு நாய் என்ற கணக்கும் சரியில்லை. நாட்டு நாயைப் பிள்ளையாக வளர்க்கும் வீடுகள் எத்தனையோ இருக்கின்றன.

அதன் நடையைப் பாருங்கள். தெருவில் பிறந்த நாய்க்குப் போக்குவரத்து தெரியும். ஓரமாக நடக்கும், வண்டி போன பிறகு கடக்கும், எந்தக் கடை நிழலில் படுப்பது என்று அதற்கு ஒரு கணக்கு உண்டு. வழிதவறிய நாய் நடுரோட்டில் தடுமாறும். திறந்திருக்கும் ஒவ்வொரு கேட்டிலும் எட்டிப் பார்க்கும். தன் வீட்டுக் காரைப் போன்ற கார்களை நின்று முகரும். அந்தத் தெருவின் நாய்கள் அதைச் சூழ்ந்து குரைக்கும். அதுவே பெரிய சாட்சி. நகத்தையும் பாருங்கள். தார் ரோட்டில் தேயாத நீண்ட நகம் வீட்டுத் தரையில் வளர்ந்தது. "சிட்" என்றால் உட்காருகிறதா, கை நீட்டினால் கால் தருகிறதா என்றும் சோதிக்கலாம். தமிழ் பேசும் வீட்டிலும் நாயிடம் "கம்", "சிட்", "நோ" என்று பேசுவதுதான் நம் வழக்கம்.

ஒரு காதின் நுனியில் சிறு துண்டு வெட்டப்பட்டிருந்தால், அது கருத்தடை செய்து விடப்பட்ட தெரு நாய். அதற்கு அந்தத் தெருதான் வீடு. 2023-ஆம் ஆண்டின் விலங்குக் கருத்தடை விதிகளின்படி, அப்படிப்பட்ட நாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். 2024-இல் எடுத்த கணக்கெடுப்பில் சென்னையில் சுமார் 1.8 லட்சம் தெரு நாய்கள் இருந்தன. நலமாக நடமாடும் ஒன்றை இரக்கப்பட்டு வண்டியில் ஏற்றி வேறு ஊரில் விட்டால், அங்கே இருக்கும் நாய்க்கூட்டம் அதைக் கடித்துக் குதறும். எது சாப்பாடு, எங்கே தண்ணீர் என்று அதற்குத் தெரியாது.

பயந்து ஓடுகிறது. எப்படிப் பிடிப்பது?

துரத்தாதீர்கள். இந்த ஒன்றை மட்டுமாவது நினைவில் வையுங்கள். தொலைந்த நாய்கள் பல, பிடிக்க வந்தவர்களிடமிருந்து தப்பி ஓடும்போதுதான் வண்டியில் அடிபடுகின்றன. பதற்றத்தில் இருக்கும் நாய் தன் எஜமானரைக் கண்டாலே சில சமயம் ஓடும்.

பத்தடி தூரத்தில், அதற்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் திரும்பிக் கீழே உட்காருங்கள். கண்ணைப் பார்க்காதீர்கள். பிஸ்கட் பாக்கெட்டைச் சரசரக்க வைத்துவிட்டு ஒரு துண்டைத் தூர வீசுங்கள், அடுத்ததைக் கொஞ்சம் கிட்டே. அவித்த முட்டையோ கோழித் துண்டோ இருந்தால் இன்னும் நல்லது. பக்கத்தில் காம்பவுண்ட் கேட் இருந்தால் அதைத் திறந்து வைத்து, உணவை வாசலிலிருந்து உள்ளே வரிசையாகப் போட்டு, நாய் உள்ளே போனதும் மெதுவாகச் சாத்திவிடுங்கள். கயிறு இல்லையென்றால் துப்பட்டாவோ துண்டோ போதும். ஒரு முனையில் வளையம் கட்டித் தலை வழியாக மாட்டிவிடுங்கள்.

கூப்பிட்டும் திரும்பவில்லை என்றால் அடங்காத நாய் என்று நினைக்க வேண்டாம். காது கேட்காமல் இருக்கலாம். வெள்ளை நிற இராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு அதிகம். கையசைவுக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள்.

எச்சில் ஒழுக, குரல் மாறி, பின்னங்கால் தள்ளாட, எதிர்ப்படுவதையெல்லாம் கடிக்கப் பாயும் நாயிடம் நெருங்கவே கூடாது. பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொண்டு மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

கடித்துவிட்டது, பிராண்டிவிட்டது. என்ன செய்ய?

நாய் யாருடையது என்ற விசாரணை எல்லாம் பிறகு. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கடிகாரம் பார்த்து 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். ரேபிஸ் தடுப்பூசி அங்கே இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள். தசையில் போடுவதானால் 14-ஆம் நாளும் சேரும். ரத்தம் வந்த காயமானால் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைக் காயத்தைச் சுற்றிப் போட வேண்டியிருக்கும்; டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். பூனை பிராண்டினாலும், ஆறாத புண்ணில் நாய் நக்கினாலும் இதே கவனம் வேண்டும். "வீட்டு நாய் மாதிரிதான் இருக்கிறது, ஊசி போட்டிருப்பார்கள்" என்று யாரும் ஊகித்துவிட்டு இருக்காதீர்கள். ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றக் கிட்டத்தட்ட வழியே இல்லை. கடித்த நாயை 10 நாள் கண்காணிப்பது வழக்கம், ஆனால் அந்த 10 நாள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். முதலில் என்ன கொடுக்க?

தண்ணீர். ஒரே மூச்சில் குடித்தால் வாந்தி எடுக்கும். சிறு கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். அரை மணி நேரம் கழித்து உப்பில்லாத தயிர் சாதம் அல்லது வேகவைத்த கோழியும் சோறும், ஒரு கைப்பிடி. எலும்பும் தோலுமாக வந்திருந்தால் வயிறு நிறையப் போட்டுவிட வேண்டும் என்றுதான் மனசு சொல்லும். பட்டினி கிடந்த உடம்பு அதைத் தாங்காது. வெங்காயம், திராட்சை, சாக்லேட் வேண்டாம். குழம்புச் சோற்றில் வெங்காயம் இருப்பதை நாம் மறந்துவிடுகிறோம். உடம்பு சுடுகிறது என்று பாரசிட்டமால் கொடுக்கவே கூடாது. பூனைக்கு ஒரு மாத்திரையே உயிரைக் குடிக்கும்.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே நாயோ பூனையோ இருந்தால் வந்ததைத் தனி அறையில் வையுங்கள், குறைந்தது இரண்டு வாரம். பார்வோ, டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய்கள் இரண்டும் வெளியே தெரிவதற்குச் சில நாள் ஆகும். பார்வோ கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பினாயிலை நம்பாதீர்கள், நீர்த்த பிளீச்தான் அதைக் கொல்லும். பூனை இருக்கும் அறையிலோ பினாயிலே வேண்டாம், அது பூனைக்கு விஷம்.

உண்ணி நிறைய இருந்தால் ஈறைத் தூக்கிப் பாருங்கள். வெளிறியிருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், அன்றே டாக்டரிடம் போக வேண்டும். உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தோல் வெந்துவிடும். நாய்க்கென விற்கும் உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். பெர்மெத்ரின் கலந்தவை பூனையைக் கொல்லும்.

மைக்ரோசிப் இருக்கிறதா என்று எங்கே பார்ப்பது?

அரிசி அளவில் ஒரு சிறு குப்பி, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே தோலுக்கடியில் இருக்கும். அதில் இருப்பது 15 இலக்க எண் மட்டுமே. நாய் எங்கே போகிறது என்று அது காட்டிக்கொடுக்காது. ரீடர் கருவியை மேலே வைத்தால்தான் எண் தெரியும். ரீடர் வைத்திருக்கும் கிளினிக்குக்கு முன்னதாகவே போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். முதுகோடு நிறுத்தாமல் கழுத்து, விலா, முன்னங்கால் வரை ரீடரை நகர்த்தச் சொல்லுங்கள், ஏனென்றால் சிப் சில சமயம் இடம் மாறியிருக்கும்.

சென்னை மாநகராட்சி 2025-இல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியது. ஆகவே எண் கிடைத்தால் மாநகராட்சியின் கால்நடைப் பிரிவைக் கேட்பது முதல் வேலை. கருத்தடை செய்யும் தெரு நாய்களுக்கும் சிப் பொருத்துகிறார்கள் என்பதால், சிப் இருந்தாலே வீட்டு நாய் என்று ஆகிவிடாது. சிப் இல்லையென்றால் கைவிடப்பட்டது என்றும் ஆகாது.

உரிமையாளரை எப்படித் தேடுவது?

முதலில் கால்நடையாகத் தேடுங்கள். நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, கண்ட இடத்தைச் சுற்றி நாலைந்து தெரு நடந்து பாருங்கள். சில நாய்கள் பழகிய திருப்பம் வந்ததும் உங்களையே இழுத்துக்கொண்டு போகும். வழியில் யாரைக் கேட்பது என்பதும் முக்கியம். விடியற்காலையில் பால் போடுபவர், இஸ்திரி வண்டிக்காரர், தூய்மைப் பணியாளர், அபார்ட்மென்ட் செக்யூரிட்டி, டீக்கடைக்காரர். எந்த வீட்டில் எந்த நாய் என்பது இவர்களுக்குத்தான் தெரியும். நாங்கள் இரண்டு நாள் இணையத்தில் தேடிக்கொண்டிருந்த ஒரு கிழட்டுப் பொமரேனியனை, இஸ்திரி போடும் அக்கா ஒரே பார்வையில் "இது மூணாவது தெரு டீச்சர் வீட்டுது" என்றார்.

ஜெராக்ஸ் கடையில் இருபது தாள் எடுத்து ஒட்டுங்கள். பெரிய எழுத்தில் "நாய் கிடைத்துள்ளது", படம், கண்ட இடம், தேதி, போன் எண். வீட்டு முகவரி வேண்டாம். சுற்றுவட்டாரத்து கால்நடை கிளினிக்குகளிலும் செல்லப்பிராணிக் கடைகளிலும் ஒன்று கொடுங்கள். நாயைத் தொலைத்தவர் முதலில் ஓடும் இடங்கள் அவை.

படம் போடும்போது ஓர் அடையாளத்தை மறைத்துவிடுங்கள். வயிற்றில் இருக்கும் மச்சம், வாலின் வெள்ளை நுனி, உடைந்த ஒரு பல் என்று ஏதாவது ஒன்று. பெல்ட்டின் நிறத்தைக்கூட எழுத வேண்டாம். பின்னால் யார் உண்மையான உரிமையாளர் என்று தெரிந்துகொள்ள அது ஒன்றுதான் கையில் இருக்கும். சாதிநாய் என்றால், அதிலும் கருத்தடை செய்யாத பெண் நாய் என்றால், குட்டி போட்டு விற்பதற்காகச் சொந்தம் கொண்டாடி வருபவர்கள் உண்டு.

வந்தவர் உண்மையான உரிமையாளர்தான் என்று எப்படி நம்புவது?

நீங்கள் எதையும் சொல்லாமல் அவரைச் சொல்லச் சொல்லுங்கள். பெயர், வயது, தழும்பு, எப்போது எப்படித் தொலைந்தது. பழைய படங்கள் போனில் இருக்கும்; குட்டியாக இருந்தபோது எடுத்ததைக் கேளுங்கள். தடுப்பூசி அட்டை, மாநகராட்சி உரிமம், சிப் எண் இவற்றில் ஏதாவது ஒன்றும் இருக்கும். ஏழை வீடுகளில் இது எதுவும் இல்லாமல் இருக்கலாம்; அதற்காகத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். நாயே சொல்லிவிடும். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் உடம்பு முழுக்க ஆடி, அழுகிற குரலில் ஊளையிட்டு மேலே தாவுகிற நாய்க்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? பூனையிடம் இந்தச் சோதனை செல்லாது, அது சொந்தக்காரரைக் கண்டும் முகம் திருப்பிக்கொள்ளும்.

"நான் வெளியூரில் இருக்கிறேன், வண்டி அனுப்புகிறேன், முதலில் ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்றோ, பணம் அனுப்பச் சொல்லியோ வரும் அழைப்புகளைத் துண்டித்துவிடுங்கள்.

நான் பார்த்தேன், நான் சோறு போட்டேன். எனக்கே வைத்துக்கொள்ளலாமா?

உடனே முடியாது. சட்டத்தின் பார்வையில் வளர்ப்புப் பிராணி ஒருவருடைய சொத்து. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 71-ஆம் பிரிவு, கண்டெடுத்தவர் அந்தப் பொருளைப் பொறுப்போடு பாதுகாக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. உரிமையாளரைத் தேட நியாயமான முயற்சி எடுக்காமல் தனதாக்கிக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 314-ஆம் பிரிவில் குற்றம். மருத்துவச் செலவு செய்திருந்தால், அதை உரிமையாளர் தரும்வரை பிராணியை வைத்துக்கொள்ள ஒப்பந்தச் சட்டத்தின் 168-ஆம் பிரிவு இடம் தருகிறது. செலவைக் கேட்டு வழக்குப் போட முடியாது. இவ்வளவு பரிசு தருகிறேன் என்று அவர் அறிவித்திருந்தால் அந்தத் தொகையை வழக்குப் போட்டும் கேட்கலாம். ரசீதுகளை வைத்திருங்கள், அது போதும்.

பலர் என்னிடம் சொல்வது இது: "இவ்வளவு மெலிந்து வந்திருக்கிறது, அந்த வீட்டில் நன்றாக வைத்துக்கொள்ளவில்லை போல." பத்து நாள் தெருவில் அலைந்த எந்த நாயும் மெலிந்துதான் இருக்கும். உடம்பில் சொறி, காலில் காயம், தொட்டால் நடுக்கம், எல்லாமே தெருவில் வந்திருக்கலாம். எங்கோ ஒரு வீட்டில் அதன் சோற்றுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு யாரோ வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டே தேடுங்கள். கட்டிப்போட்ட சங்கிலி கழுத்தில் புதைந்த புண், சூட்டுத் தழும்பு என்று வேண்டுமென்றே செய்த கொடுமை தெரிந்தால் விஷயம் வேறு. படம் எடுத்து, டாக்டரிடம் எழுத்தில் வாங்கி, காவல் நிலையத்துக்குப் போங்கள். 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பட்டினி கிடக்கும்படி கைவிடுவதும் அதில் குற்றம்தான்.

இரண்டு மூன்று வாரம் முழு மூச்சாகத் தேடியும் யாரும் வரவில்லையென்றால் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது நல்ல வீடு பாருங்கள். வேறு வீட்டுக்குக் கொடுப்பதற்கு முன் கருத்தடை செய்துவிடுங்கள், அந்த வீட்டை நேரில் போய்ப் பாருங்கள்.

காப்பகத்தில் விட்டுவிடலாமா?

கிண்டியில் இருக்கும் புளூ கிராஸ் 1959-இல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கியது. அங்கேயும் மற்ற காப்பகங்களிலும் அடிபட்டவை, நோயுற்றவை என்று இடம் நிரம்பி வழிகிறது. மெத்தையில் தூங்கிய ஒரு கிழட்டு நாய்க்கு நூறு நாய்களின் குரைப்புக்கு நடுவே என்ன நிலை என்று யோசியுங்கள். இடம் இருக்கிறதா என்று போன் செய்து கேளுங்கள், "கிடைத்தது" என்று பதிவு செய்யுங்கள், ஆனால் முடிந்தவரை உங்கள் வீட்டு வராந்தாவையோ ஒரு நண்பர் வீட்டையோ கேளுங்கள். கண்ட இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால்தான் வீட்டாரும் கண்டுபிடிப்பார்கள்.

அடிபட்டுக் கிடக்கிறது என்றால்?

வாயைத் துணியால் தளர்வாகக் கட்டுங்கள். வலியில் எந்த நாயும் கடிக்கும். வாந்தி எடுத்தாலோ மூச்சுத் திணறினாலோ கட்டக் கூடாது. பலகையிலோ இறுக்கிப் பிடித்த போர்வையிலோ அசங்காமல் தூக்குங்கள். தண்ணீர் புகட்டாதீர்கள். வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் எலும்பு முறிவு வரை பார்ப்பார்கள்.

பூனை வந்தால்?

பூனைக்கு விதி வேறு. உங்கள் மதிலில் உட்கார்ந்திருக்கும் பூனை பெரும்பாலும் தொலைந்ததே இல்லை. பக்கத்து வீட்டுப் பூனை சுற்றிப் பார்க்க வந்திருக்கும். மெல்லிய காகிதப் பட்டையில் "இது உங்கள் பூனையா? இந்த எண்ணுக்குப் பேசுங்கள்" என்று எழுதி, எளிதில் கிழியும்படி கழுத்தில் சுற்றி ஒட்டி அனுப்புங்கள். மாலைக்குள் போன் வரும்.

வீட்டை விட்டு வெளியே வந்தே பழகாத பெர்சியன் பூனை என்றால் அது தானாகப் பிழைக்காது, உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள். மாடியிலிருந்து விழுந்த பூனை அந்தக் கட்டடத்தின் மோட்டார் அறையிலோ கார் நிறுத்தும் இடத்திலோ குரல் காட்டாமல் கிடக்கும். ஆகவே முதலில் அந்தக் கட்டடத்து வீடுகளின் கதவைத் தட்டுங்கள்.

குட்டிகள் மட்டும் தனியாகக் கிடக்கின்றனவே?

தூக்காதீர்கள், தள்ளி நின்று பாருங்கள். தாய்ப்பூனை குட்டிகளை ஒவ்வொன்றாகத்தான் இடம் மாற்றும். நீங்கள் பார்த்தது பாதி வழியில் இருக்கும் குடித்தனமாக இருக்கலாம். நாலைந்து மணி நேரம் தாய் வரவில்லை, அல்லது மழையோ நாய்களோ ஆபத்தோ இருந்தால் எடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் பேச்சு.

எடுத்த பிறகு சூடுதான் முதலில். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். உடம்பு குளிர்ந்திருக்கும்போது பால் கொடுத்தால் செரிக்காமல் இறந்துவிடும். பசும்பால் வேண்டாம், வயிற்றுப்போக்கு வரும். குட்டிகளுக்கான பால்பொடி கடைகளில் கிடைக்கிறது. குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்துப் புகட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும். குப்புறப் படுத்த நிலையில், இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும். பால் குடித்த பிறகு ஈரப் பஞ்சால் அடிப்பக்கத்தை மெல்லத் தடவினால்தான் சிறுநீர் கழிக்கும். தாய் நக்கிச் செய்யும் வேலை அது. கண் திறக்க ஏழு முதல் பதினான்கு நாள் ஆகும். நாய்க்குட்டிகளுக்கும் ஏறக்குறைய இதேதான்.

கிளி, ஆமை வந்தால்?

பச்சைக்கிளியும் நட்சத்திர ஆமையும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. வீட்டில் வைத்திருப்பதே குற்றம், உரிமையாளரைத் தேடும் பேச்சே இல்லை. வனத்துறைக்குத் தகவல் சொல்லி ஒப்படையுங்கள். லவ் பேர்ட்ஸ், காக்கட்டீல் போன்றவை வெளிநாட்டுக் கூண்டுப் பறவைகள். வெளியே விட்டால் பிழைக்காது, நாயைத் தேடுவது போலவே வீட்டைத் தேடுங்கள்.

உரிமையாளர் வந்து கொண்டுபோய்விட்டார். இன்னும் ஏதாவது வேலை இருக்கிறதா?

இருக்கிறது. ஒட்டிய தாள்களையெல்லாம் கிழித்துவிடுங்கள். கிளினிக்குகளுக்கும் டீக்கடைக்கும் "கிடைத்துவிட்டது" என்று சொல்லுங்கள். போட்ட பதிவுகளில் "வீடு சேர்ந்தது" என்று எழுதுங்கள், இல்லையென்றால் ஆறு மாதம் கழித்தும் அந்தப் படத்தை யாராவது பகிர்ந்துகொண்டே இருப்பார்கள், வேறொரு நாய்க்கான தேடல் அதில் மறைந்துபோகும். வந்தவரிடம் சிப் பதிவில் இப்போதைய போன் எண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே ஒரு மார்க்கர் பேனா எடுத்து, பெல்ட்டின் உட்பக்கத்தில் அந்த எண்ணை அங்கேயே எழுதி அனுப்புங்கள்.